பச்சை மேசை சிஸ்டர்

சிஸ்டரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்த்து வெளியே எடுத்துக்கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. மஸ்கட்டிலிருந்து வந்த அவருடைய வீட்டுச் சாமான்களில் ஒரு பெரிய மேசை இருந்தது. கம்பால் பந்தை இடித்துக் குழியில் தள்ளி விளையாடுவார்களே, அந்த மேசை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்காரர் அதைத்தான் மார்க்கர் பேனாவால் கொட்டை கொட்டையாக, பெட்டியின் நாலு பக்கமும் எழுதி வைத்திருந்தார்.

"இந்தப் பெட்டிய இப்படியே ஏத்திக்கிட்டு நான் எங்க தெருவுக்குள்ள போகணுமா? யாரு எழுதினது இத?"

"பில்லுல அப்படித்தானம்மா போட்டிருக்கு."

"பில்லு இங்கிலீஷ்ல இருக்கு. இங்கிலீஷ்ல இருந்தா அது மேசை. நீ எழுதினா அது வேறல்லா!"

நான் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "என்னளா சிரிப்பு? வந்து அடிச்சுவிடு." நாலு பக்கமும் அடித்துவிட்டு, வேறு என்ன எழுத என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பச்சை மேசைன்னு எழுது" என்றார். மேலே விரித்திருக்கும் துணி பச்சை. அன்றிலிருந்து அதுதான் பெயர். சரக்கு வீடு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் போன இடத்தில் அவருடைய மாடி காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினியர், வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பவர். தனியாக இருக்கிறவளுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது என்று அடுத்த மாதமே குடி வந்துவிட்டேன்.

அவர் நாசரேத் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகப் போய், வார்டு இன்சார்ஜ் ஆகி, ரிட்டையர் ஆகி வந்தவர். அங்கே நர்ஸுகள் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட விளையாட்டு இது. தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். ரேஷன் கார்டு எடுக்கப் போனாலும் வரிசையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். வீட்டில் இருந்தால் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். அவரோடு பேச வேண்டுமென்றால் நாமும் கூடவே சுற்ற வேண்டும். எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

அந்தத் துணிக்கு அவர் செய்த சேவகம் இருக்கிறதே, பிள்ளை பெற்றவளுக்குக்கூட யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். காலையில் எழுந்ததும் மெல்லிய பிரஷால் ஒரே போக்கில், தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை தூசி தட்டுவார். மாற்றி இழுத்தால் துணி பூத்துப்போகும் என்பார். அதன்மேல் ஒரு பழைய பருத்தி வேட்டி, அதன்மேல் ரெக்ஸின் உறை. ஆறு குழியிலும் அந்துருண்டை. கடல் பக்கத்து ஜன்னலைக் குடி வந்ததிலிருந்து அவர் திறந்ததே கிடையாது. உப்புக் காற்று பட்டால் துணி தொய்ந்துவிடுமாம். என்னைக் கூப்பிட்டு ஆடச் சொல்வார். அதற்கு முன்னால் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாக வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதுபோல இருக்கிறது என்று ஒருநாள் கேலி செய்தேன். "பின்ன?" என்றார் அவர், சிரிக்காமல்.

அவருடைய குணத்தை ஒரே வார்த்தையில் சொல்லலாம். "யாரு?" எது கெட்டாலும் அதற்கு ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. வார்டில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் யார் உடைத்தது என்று எழுதாமல் அந்த ஷிஃப்ட் முடியாதாம். அந்தப் பழக்கத்தை அப்படியே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டார். பால் திரிந்தால் பால்காரர். மோட்டார் ஓடாவிட்டால் மின்சார வாரியம். ரெக்ஸின் உறையில் வெள்ளை பூத்தால் உப்பளத்துக் காற்று. தான் செய்ததாக அவர் ஒத்துக்கொண்டது ஒன்றுகூட என் நினைவில் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் காய்ச்சல் என்று நான் படுத்துவிட்டால் இரண்டு மணிக்கொரு தடவை மாடியேறி வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போவதும் அதே சிஸ்டர்தான். அதனால் சகித்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அண்ணன் மகன் சென்னையில் பதினோராவது மாடியில் இருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அத்தை தனியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. "உங்களால முடியாமப் போற அன்னிக்கு வீட்டப் பூட்டிக்கிட்டு எங்கூட வந்துரணும் அத்த" என்று வாக்கு வாங்கி வைத்திருந்தான். இவரும் தலையாட்டியிருந்தார். அந்த நாள் வந்துவிடக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. "அவன் வீட்டுல இந்த மேசை இருக்க எடமில்ல, நான் நடக்கவும் எடமில்ல" என்பார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் துணியில் ஒரு கிழிசல். இரண்டு விரல் நீளம், வெள்ளைப் பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

"யாரு?"

யாரும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனை மாட்டிக்கொண்டது. கிழிசலை ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். ஒட்டுப் போட்ட துணியில் பந்து நேராக ஓடாதாம். காயல்பட்டினத்திலிருந்து ஒரு பாய் பைக்கில் வந்தார். துபாய் ஹோட்டல்களில் இந்த மேசைகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவர். இப்போது சாகுபுரத்துக் கெமிக்கல் ஆலை அதிகாரிகள் வீடுகளில் இருக்கிற ஒன்றிரண்டு மேசைகளுக்கும் அவர்தான். ஓரத்து ரப்பர் கட்டைகளைக் கழற்றி, பழைய ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அடியில் இருக்கிற கற்பலகையைத் துடைத்து, மூன்று பலகை சேரும் இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றிச் சுரண்டி, பிறகு புதுத் துணியை விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்து அடித்தார். சிஸ்டர் அவரைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் உக்காருங்களேன் சிஸ்டர், எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கினா துணி சுருங்கிரும். நடுங்காதீரும்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இரண்டாவது கிழிசல். அதே நீளம். இந்தத் தடவை மாட்டியது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு துடைத்தாளாம். "நான் அந்த மேசப் பக்கமே போகலம்மா, நீங்கதான் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்கீங்கள்லா" என்று அந்த அக்கா அழுதாள். சிஸ்டர் கேட்கவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் ஒரு வாரம் கீழே போகவில்லை. அந்த அக்கா எதிர்த்த வரிசையில் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, இந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அந்தச் சமயத்தில் சிஸ்டரிடம் வேறு சில மாற்றங்களும் தெரிந்தன. ஸ்கூட்டியை எடுப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இடது தோளில் கதவு இடித்துக் கன்றியிருந்தது. "இந்தக் கதவ யாரு இப்படி வச்சது?" என்று ஆசாரியைத் திட்டினார். அவருடைய இடது பக்கம் நின்று பேசினால் கோழி பார்ப்பதுபோல முகத்தை முழுக்கத் திருப்பிப் பார்ப்பார். நான் பார்த்தேன். ஆனால் ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்க்கவில்லை.

மே மாதம் மூன்றாவது கிழிசல். அன்று மாலை நான் படியிறங்கி வரும்போது அவர் அண்ணன் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"திரும்பவுமா அத்த? இந்த வாட்டி யாரு?"

"மாடியில இருக்காளே, அவதான். ஆடத் தெரியாம ஆடிக் கிழிச்சுப்போட்டா."

நான் வாசலில் நின்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஆபீஸில் வேலை. கீழே நான் வரவே இல்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி மேலே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்தார். கிழிந்த துணியை உருவி எடுத்ததும் பைக்குக்குப் போய், முன்பு கழற்றிய இரண்டு பழைய துணிகளையும் கொண்டுவந்தார். கேரம் போர்டுக்காரர்களுக்குத் துடைக்கக் கொடுப்பதற்காக வைத்திருந்தாராம். மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"பாருங்க சிஸ்டர். மூணும் ஒரே எடம், ஒரே போக்கு. பூனை நகம் இப்படி ஒத்த கோடா இழுக்காது. வளையல் இப்படிக் குத்திக்கிட்டு ஏறாது. கம்போட நுனி பந்துக்கு முன்னாலயே துணியில எறங்கியிருக்கு. இந்த எடத்துல வச்சு ஆடுறவங்களுக்குப் பந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்ணு சரியாச் சொல்லல. அவ்வளவுதான்."

அந்த இடத்தில் பந்தை வைத்துத் தினமும் காலையில் ஒரே ஒரு அடி அடித்துப் பழகுவது சிஸ்டர் மட்டும்தான். பாய்க்கும் அது தெரியும். குனிந்து வேலையைப் பார்த்தார். சிஸ்டர் அன்று முதல் தடவையாக நடக்காமல் நின்றார்.

பாய் போன பிறகு கேட்டேன். "எந்தக் கண்ணு சிஸ்டர்?"

"எடது. பொங்கல்லேருந்து ஓரம் இருட்டிக்கிட்டே வந்து, இப்ப ஒண்ணும் இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீங்க நர்ஸுல்லா, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"நர்ஸுங்கதாலதான் சொல்லுதேன். கண்ணுக்குள்ள பிரஷர். போனது திரும்பாது. ஆஸ்பத்திரின்னா துணைக்கு ஆளு கேப்பான். ஆளுன்னா அவன்தான். அவன் வந்தா இந்த வீட்டுக்குப் பூட்டு." மேசையைச் சுற்றி மறுபடி நடக்கத் தொடங்கினார். "வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ வாயத் தொறக்காத. இந்தத் துணி மேல கைய வச்சுச் சொல்லு."

இப்படியும் ஒரு சத்தியம் உண்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கையை வைத்தேன்.

அதை நான் செய்திருக்கக்கூடாது. வலது கண்ணிலும் அப்போதே தொடங்கியிருந்தது என்பதையும், அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் அதிலும் ஓரமெல்லாம் போய்விட்டது என்பதையும் பின்னால்தான் டாக்டர் சொன்னார். சொட்டு மருந்தை அன்றைக்கே தொடங்கியிருந்தால் அவ்வளவும் மிஞ்சியிருக்குமாம்.

அந்த மூன்று மாதமும் துணி கிழியவில்லை. காரணம் நான். அவர் கம்பைத் தாங்கும் கையை மேசையில் ஊன்றுவார். ஊன்றிய கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று நான் சொல்வேன். "எட்டு விரல் சிஸ்டர்." "பன்னிரண்டு." அதைக் கேட்டு, கண்ணை நம்பாமல், கையை மட்டும் நம்பி அடிப்பார். பந்து போய் விழும்போது என் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் திருட்டு மாங்காய் தின்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தோம். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம். மாடியில் படுத்திருந்தாலும் கீழே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றே காது போகும். தெருவில் லாரி பிரேக் போட்டால் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் மகன் பையோடு வந்து நின்றான். சிஸ்டர் வேலையை விட்டு நிறுத்தினாரே, அந்த அக்காதான் போன் செய்திருக்கிறாள். முந்தின நாள் பிரேயர் ஹால் முன்னால் சிஸ்டர் ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கம் வந்த உப்பு லாரியைத் திரும்பியே பார்க்கவில்லையாம். இவள் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சிஸ்டர் என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை.

"கண்ணு தெரியலையாமே அத்த?"

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? தெரியுதா, இல்லையா?"

"தெரியாம எப்படில மேசையில ஆடுவேன்? வந்து பாரு."

நான் படியிறங்கி வந்தபோது அவர்கள் அந்த அறைக்குள் இருந்தார்கள். நான் வாசலில் நின்றுகொண்டேன். ரெக்ஸின் உறையைச் சிஸ்டரே உருவினார். அண்ணன் மகன் அப்பாவி இல்லை. அவனே வெள்ளைப் பந்தை எடுத்து, அவர் வழக்கமாக வைக்காத ஒரு இடத்தில் வைத்தான். சிவப்புப் பந்து ஒன்றை மூலைக் குழிக்கு முன்னால் வைத்தான். "இதப் போடுங்க பாப்போம்" என்றான். சிஸ்டர் குனிந்து கையை ஊன்றினார். கம்பு முன்னும் பின்னும் ஆடியது. அடிக்கவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அடித்துக் கிழித்தால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"சிஸ்டர், பத்து மணிக்குத் தண்ணி விடுதாங்களாம்" என்றேன்.

"பத்துக்கா? சரி" என்றார். அடித்தார். சிவப்புப் பந்து சத்தமே இல்லாமல் குழிக்குள் போனது. துணியில் ஒரு கீறல் இல்லை.

அவன் கைதட்டிவிட்டான். "அந்த அக்கா என்னமோ சொல்லி என்னப் பயங்காட்டிட்டாங்க அத்த. ராத்திரி பூரா ரயில்ல நான் தூங்கல" என்றான். அவன்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இரு, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று அடுக்களைக்கு ஓடினார். மேசை இருக்கும் அந்த அறைக்குள் அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட வந்ததில்லை. அன்று சந்தோஷத்தில் அவரே இரண்டு கையிலும் காப்பி டம்ளரோடு உள்ளே வந்தார். மேசையின் மூலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு டம்ளரை நீட்டினார். அவனும் கையை நீட்டினான். அவன் கை வந்து சேர ஒரு சாண் இருக்கும்போதே இவர் விட்டுவிட்டார்.

காப்பி முழுக்கத் துணியில். டம்ளர் உருண்டு போய் நடு மேசையில் நின்றது.

"ஐயோ, நான்தான் இடிச்சிட்டேன்! கை பட்டுட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"நீ எங்களா இடிச்ச? நீ வாசல்ல நின்ன." சிஸ்டர் இன்னொரு டம்ளரைத் தரையில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் கையால் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவன் அதைப் பார்த்தான். "யாரும் இடிக்கல. நான்தான்" என்றார். "எனக்கு எடது கண்ணு தெரியாதுல. துணியக் கிழிச்சதும் நான்தான், மூணு தடவையும். பாவம், அந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிறுத்தினேன். அவ நேத்து என்னக் கையப் பிடிச்சு இழுக்கலன்னா இப்ப நான் இல்ல."

"எத்தன நாளா அத்த?"

"பொங்கல்லேருந்து."

நான் முந்தானையால் காப்பியை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க இங்கதான இருக்கீங்க. தினமும் கூட ஆடுறீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவளக் கேக்காத" என்றார் சிஸ்டர். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் நிமிரவில்லை. துணியை ஒற்றிக்கொண்டே இருந்தேன்.